குளிர்காலத்தில் பைக் ஓட்டும்போது விரல்கள் விறைத்துப்போகாமல் காப்பது எப்படி?

தண்டையார்பேட்டை 350 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும், ஜனவரி மூன்றாவது வாரத்தில், நானும் நண்பர்கள் சிலரும் தண்டையார்பேட்டையிலிருந்து உதகைக்கு பைக்கில் செல்வதாக இருக்கிறோம். முதல் நாள் சேலம், அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் சென்று இரவு தங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் குன்னூர் வழியாக மலையேறத் திட்டம். என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350.

சென்ற ஆண்டும் இதே பருவத்தில் இதே வழியில் சென்றேன். குன்னூரைத் தாண்டியதும் இரண்டு கைகளிலும் விரல்கள் மரத்துவிட்டன. கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்பதைக் கை சொல்லவில்லை. வண்டி இழுப்பதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வலது கை விரல்கள் முன் பிரேக் லீவரின் மேல் இருந்தும், வளைவில் எதிரே பேருந்து வந்தபோது இழுப்பதற்கு வலு வரவில்லை. பின் பிரேக்கை வைத்துச் சமாளித்து அருவங்காட்டில் நிறுத்திவிட்டேன். அப்போது அணிந்திருந்தவை நம் ஊர் வெயிலுக்காக வாங்கிய, காற்றுப் புகும் வலைத்துணிக் கையுறைகள்.

தடித்த கையுறை வாங்கினால் போதுமா, ஹேண்டில்பாரில் சூடேற்றும் கிரிப் பொருத்த வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மார்கழியில் மணலிக்குக் காலை ஷிப்ட் செல்லும்போதும் என் விரல்கள் கொஞ்சம் விறைக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

---

பழைய வண்ணை ரைடர் எழுதியது:

வணக்கம் நண்பரே. கையுறையின் தடிமனைப் பற்றி யோசிப்பதற்கு முன் காற்றைப் பற்றி யோசியுங்கள். உங்கள் விரல்களை விறைக்க வைத்ததில் உதகையின் குளிருக்கு ஒரு பங்கு என்றால், நீங்கள் ஓட்டிய வேகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேட்டுப்பாளையத்தில் 18 டிகிரியில் கிளம்பும் நீங்கள், வெயில் ஏறுவதற்குள் உதகையை அடைந்தால் 5, 6 டிகிரியில் இருப்பீர்கள். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பகுதிகளில் அந்த மாதத்தில் உறைபனியே படியும். இனி இதில் வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச்சிக் கணக்கின்படி, 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், திறந்த தோல் மைனஸ் 2 டிகிரிக் குளிரில் இருப்பதுபோல வெப்பத்தை இழக்கும். அது முகத்தோலை வைத்து வகுத்த கணக்கு. இருந்தாலும், காற்றை முதலில் எதிர்கொண்டு ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் அசையாமல் இருக்கும் கைகளின் நிலை அதைவிட நல்லதாக இருக்க வழியில்லை.

காற்றுப் புகும் கையுறைக்கு உள்ளே எத்தனை அடுக்கு கம்பளி போட்டாலும் பயன் குறைவு என்பதற்குக் காரணம் இதுதான். கம்பளி வெப்பத்தைக் காப்பது தன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றைக் கொண்டு. எதிர்காற்று உள்ளே புகுந்து அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டால் கம்பளிக்கு வேலையில்லை. ஆகவே வெளி அடுக்கு காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். நல்ல தோல் கையுறை அந்த வேலையைச் செய்யும். பெரியமேட்டில் தோல் பொருள் கடைகள் இருக்கும்போது நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. ஆனால் பைக்குக்கென்று தைத்ததா, உள்ளங்கையிலும் விரல் முட்டிகளிலும் பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அழகுக்காகத் தைத்த மெல்லிய தோல், கீழே விழுந்தால் தார்ச்சாலையில் ஒரு நொடிகூடத் தாங்காது.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். குளிருக்கென்று இறுக்கமாக வாங்கினால் விரல்களுக்கு வரும் இரத்த ஓட்டம் தடைப்படும், உள்ளே இருக்கும் பஞ்சும் நசுங்கும். உள்ளே ஒரு மெல்லிய பட்டு அல்லது கம்பளி லைனர் அணிந்த பிறகும் விரல்களைத் தாராளமாக மடக்க முடிய வேண்டும்; விரல் நுனிக்கும் கையுறை நுனிக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சென்னைக்கு வந்து ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களிடம் கிடைக்கும் பின்னல் கையுறைகளை உள் அடுக்காக வைத்துக்கொள்ளலாம். வெளி அடுக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று மணிக்கட்டு. கையுறையின் விளிம்புக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவே ஓர் அங்குலம் தோல் தெரிந்தாலும், காற்று அந்த வழியாக முழங்கை வரை ஏறிவிடும். முன்கை வரை நீளும் கையுறையாக வாங்கி, ஜாக்கெட் கையின் மேல் இழுத்துப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மட்டும் ஜாக்கெட் கை வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் கையில் வழியும் நீரெல்லாம் கையுறைக்குள் இறங்கும்.

---

ராயபுரம் செவிலியர் எழுதியது:

மேலே நண்பர் எழுதியவற்றை ஏற்கிறேன். மருத்துவமனையில் பணியாற்றுபவள் என்ற முறையில் உடலின் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால், இதயம், நுரையீரல் போன்ற உள் உறுப்புகளின் சூட்டைக் காப்பாற்றுவதற்காக, கை கால்களின் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை உடல் தானாகவே சுருக்கிக்கொள்ளும். விரல்களில் தசை மிகக் குறைவு. விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன, விரலுக்குள் ஓடுபவை தசைநாண்களே. ஆகவே விரல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ள வழியில்லை. இரத்தம் கொண்டுவரும் சூடுதான் அதற்கு. மார்பும் கழுத்தும் குளிரில் திறந்திருக்கும்போது, எவ்வளவு விலை உயர்ந்த கையுறையாக இருந்தாலும், உள்ளே சூடு வந்து சேராத விரலை அது காப்பாற்றாது. காற்றுப் புகாத ஜாக்கெட், அதற்குள் ஒரு ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி ஒரு துணி ஆகிய மூன்றும் கைகளுக்கான மருந்துகள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டுக்குள் மார்பின் மேல் தினத்தந்தியை மடித்து வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்றும் நன்றாகவே வேலை செய்யும்.

விரல் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே விரலின் திறன் குறையத் தொடங்கும். இன்னும் இறங்கினால் தொடு உணர்வும் போய்விடும். நீங்கள் சொன்ன பிரேக் சம்பவம் இதுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதமாகப் பிரேக் பிடித்தால் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். மலைப்பாதை வளைவில் அது சாலையின் ஒரு தடத்தை விட அதிகம். விரல் வலிக்கும்போது நிறுத்துங்கள். வலி நின்று மரத்துப்போகும் வரை ஓட்டினால், மரத்துப்போனதே உங்களுக்குத் தெரியாது.

நிறுத்திய பிறகு கைகளை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்குங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். கொதிக்கும் நீரிலோ, நெருப்பின் மேலோ, சைலன்ஸரின் மேலோ வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் சூடேற்றும் கிரிப்பையும், கையுறைக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களையும் இதே காரணத்துக்காகக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும். புகை பிடித்தால் இரத்தக் குழாய் சுருங்கும். மது அருந்தினால் உடல் சூடாவதுபோலத் தோன்றினாலும் தோலின் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். வண்டி ஓட்டுபவர் அதைத் தொடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மணலிக்குப் போகும்போதும் விறைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்கழியிலும் நம் பகுதியில் அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அந்த அளவில் விரல்கள் குளிர்வது இயல்பு. ஆனால் விரல்கள் எல்லை போட்டதுபோல வெளுத்து, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து குத்துகின்றனவா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அது ரேனோ நோய்க்குறியாக இருக்கக்கூடும். 1862-ல் மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. கைகளில் நீண்ட காலம் அதிர்வு படும் தொழில் செய்பவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இத்தகைய தொல்லை வருவதுண்டு. பயணத்துக்கு முன் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

---

ஒற்றியூர் மெக்கானிக் எழுதியது:

சூடேற்றும் கிரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புல்லட் தயாரித்த தொழிற்சாலை இருக்கும் திருவொற்றியூரில் இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதே என் பிழைப்பு.

கிரிப் நல்ல பொருள்தான். ஆனால் அது சூடாக்குவது உள்ளங்கையை. காற்று அடிப்பது விரல்களின் வெளிப்புறத்தில். உள்ளங்கை வியர்த்து, விரல் நுனி விறைத்திருக்கும் நிலைமையைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கிரிப் போடுவதாக இருந்தால் கூடவே ஹேண்ட்கார்ட், அதாவது கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் கவசம் ஒன்றும் போட வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஹேண்ட்கார்ட். அதற்கு மின்சாரம் வேண்டாம், கழற்றவும் எளிது. உள்ளங்கைப் பக்கம் தடித்த பஞ்சு வைத்த கையுறையை கிரிப்போடு சேர்த்துப் போடாதீர்கள். பஞ்சு சூட்டை உள்ளே விடாது. உள்ளங்கை மெல்லியதாகவும் புறங்கை தடித்ததாகவும் இருப்பதே பொருத்தம். கிரிப்பை அழுத்திப் பிடிக்கும்போது உள்ளங்கைப் பஞ்சு எப்படியும் நசுங்கிவிடும்.

பெரும்பாலான கிரிப்கள் முழுச் சூட்டில் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 36 முதல் 48 வாட். ஏப்ரல் 2017 முதல் வந்த வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 350 சிசி வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது தாங்கும். மலையில் பேருந்துக்குப் பின்னால் ஐட்லிங்கில் நிற்கும்போது பேட்டரி இறங்கும். ஆகவே பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தால் தானாக அணையும் வகையை வாங்குங்கள். 100 சிசி வண்டிகளுக்கு, ஜெனரேட்டர் எத்தனை வாட் தருகிறது என்று கையேட்டைப் பார்க்காமல் நான் பொருத்த மாட்டேன்.

வயரிங்கில் கம்பெனி வயரை வெட்டி இணைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃபியூஸ், பிறகு சாவி போட்டால் மட்டும் மின்சாரத்தை விடும் ரிலே என்ற மின் சுவிட்ச், அதிலிருந்து கிரிப். வலது பக்க வயர், ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் கையை எடுத்துவிடுங்கள். அது சட்டென்று தானாகத் திரும்பி வந்து உட்கார வேண்டும். மெதுவாக வந்தாலோ, பாதியில் நின்றாலோ அந்த வண்டியை எடுக்காதீர்கள். இடது கிரிப் சற்றுச் சூடு குறைவாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். வலது பக்கம் உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. இடது பக்கம் கிரிப் நேராக இரும்பின் மேல் உட்காருவதால், சூட்டில் ஒரு பங்கை ஹேண்டில் கம்பி வாங்கிக்கொள்ளும்.

---

காசிமேடு மீன்காரம்மா எழுதியது:

தம்பி, நான் உதகைக்குப் போனதில்லை. ஆனால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸில் கைவைத்துப் பெட்டி கட்டி, ஸ்கூட்டரில் பெரம்பூர் வரை கொண்டுபோகிறவள் என்பதால், ஈரக் கையோடு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எண்ணூர் பக்கத்திலிருந்து வாடை வீசும் நாட்களில் சென்னையிலேயே விரல் மடங்காது.

ஈரம் காற்றில் உலரும்போது கையின் சூட்டை எடுத்துக்கொண்டுதான் உலரும். நனைந்த துணிக் கையுறையைப் போட்டுக்கொள்வதைவிட வெறுங்கையை நன்றாகத் துடைத்துவிட்டு ஓட்டுவது மேல். வேலைக்கு ஒரு ஜோடி, வண்டிக்கு ஒரு ஜோடி என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். வண்டிக்கான ஜோடி ஒரு பாலித்தீன் பையில் கட்டி, மடியில் இருக்கும். எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். விரல் இடுக்குகளைத் துடைக்க மறக்காதீர்கள், அங்கேதான் ஈரம் தங்கும். வழியில் மழை பிடித்தால், பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் கையுறையைப் பெரிய அளவில் வாங்கி மேலே மாட்டிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இராது. தண்ணீரும் காற்றும் புகாது.

---

தண்டையார்பேட்டை 350 எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும், குறிப்பாக அம்மாவுக்கும், மனமார்ந்த நன்றி. விரல் வெளுக்கிறதா என்று நேற்று கவனித்தேன். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரை வெளுத்திருந்தன. இந்த வாரமே மருத்துவரிடம் செல்கிறேன். அவர் போகலாம் என்று சொன்னால், கிரிப் வேண்டாம், தோல் கையுறையும் ஹேண்ட்கார்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள். வட இந்தியாவில் ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டும் ரெக்சின் உறைகளைப் பார்த்திருக்கிறேன். ஹேண்ட்கார்டுக்குப் பதிலாக அவற்றைக் கட்டலாமா? தடித்த கையுறையோடு லீவர் பிடிப்பது பழக எவ்வளவு நாள் ஆகும்?

---

பழைய வண்ணை ரைடர் எழுதியது:

மருத்துவரைப் பார்ப்பதாக எழுதியது மிகவும் நல்லது. அவர் சொல்லும் வரை கையுறைக்குக்கூடப் பணம் செலவழிக்காதீர்கள்.

ரெக்சின் உறை குளிரைத் தடுப்பதில் மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது; உள்ளே மெல்லிய கையுறையே போதும். ஆனால் நான் மலைப்பாதைக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். மெலிந்த துணியாக இருந்தால் எதிர்காற்று அதைத் தள்ளி, அது பிரேக் லீவரை அழுத்தும். பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிரேக் பட்டையும் உரசும். இண்டிகேட்டர் சுவிட்சைக் கண்ணால் பார்க்க முடியாது. கையை வெளியே எடுத்து மீண்டும் நுழைக்கும் நேரத்தில் லீவர் உங்கள் வசம் இருக்காது. அவசியம் கட்டுவதென்றால், உள்ளே விறைப்பான சட்டம் வைத்துத் தைத்ததாகப் பார்த்துக் கட்டுங்கள்.

பழக்கத்துக்கு நாள் கணக்கு சொல்ல இயலாது. புதுக் கையுறையை வாங்கிய அன்றே மணலிக்கு அணிந்து செல்லாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முதலில் வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஹாரன், இண்டிகேட்டர், டிப்பர், இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் நான்கையும் விரலால் தொட்டுப் பழகுங்கள். கிளட்சையும் பிரேக்கையும் பிடிக்கும்போது தடித்த விரல் லீவருக்கும் கிரிப்புக்கும் இடையே சிக்குகிறதா, லீவர் முழுவதும் விடுபடுகிறதா என்று பாருங்கள். சிக்கினால் ஒற்றியூர் நண்பரைப் போன்ற ஒருவரிடம் லீவரின் நிலையையும் கிளட்ச் கேபிளையும் கையுறையோடு பிடித்துக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலை காலியாக இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். நம் ஊரில் தடித்த கையுறைக்குள் வியர்க்கும். வீடு திரும்பியதும் உட்புறத்தை நிழலில் நன்றாக உலர்த்துங்கள், வியர்வை ஈரத்தோடு மலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

பயண நாளன்று ஸ்வெட்டரையும் தடித்த கையுறையையும் எங்கே போடுவது என்பதும் முக்கியம். மேட்டுப்பாளையத்திலேயே போட்டுக்கொண்டால் கல்லாறு வருவதற்குள் வியர்த்துவிடும். குன்னூரில் போட்டுக்கொண்டால் அதற்குள் விரல்கள் குளிர்ந்திருக்கும், குளிர்ந்த கையைக் கையுறை சூடாக்காது. இடையில் பர்லியாரில் தேநீர்க் கடைகள் இருக்கின்றன. அங்கே நிறுத்தி, கோப்பையை இரு கைகளாலும் பிடித்துத் தேநீர் குடித்துவிட்டு, கை சூடாக இருக்கும்போதே உள் லைனரையும் வெளிக் கையுறையையும் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.